அரசு நிதியும் திருச்சபை இல்லங்களும்: சீபாவைக் குறித்து ஒரு சிந்தனை

மாற்றுத்திறனாளிகளுக்கான பணியில் அரசும் திருச்சபையும் ஒரே நுகத்தில் பிணைக்கப்பட்டிருக்கின்றன. இப்பிணைப்பு எவ்வாறு உண்டாயிற்று, இதற்கான நிதி எவ்வழியே வருகிறது என்பவற்றை நம் ஆயர்களில் பலர், ஓர் இல்லத்தின் தாளாளர் பொறுப்பு தங்கள் தலையில் விழும் நாள்வரை அறிந்துகொள்வதில்லை.

இத்துறையில் மிஷன் முந்திக்கொண்டது. பாளையங்கோட்டையில் பார்வையற்றோர்க்கும் காது கேளாதோர்க்கும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பள்ளிகள் எழுந்தன. நாடு விடுதலை பெற்றபின் வகுக்கப்பட்ட அரசியல் சாசனம், ஊனமுற்றோர்க்கு நிவாரணம் அளிப்பதை மாநிலப் பட்டியலில் சேர்த்தது. நிவாரணம் என்னும் அச்சொல் கவனிக்கத்தக்கது. உரிமை என்னும் சொல் வேரூன்றுவதற்கு 1995ஆம் ஆண்டுச் சட்டமும், ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றுக்கொண்டதும், 2016ஆம் ஆண்டுச் சட்டமும் தேவைப்பட்டன. முந்திய சட்டம் 7 வகைக் குறைபாடுகளை மட்டுமே குறிப்பிட்டது. பிந்தியது 21 வகைகளை ஏற்கிறது.

சட்டம் உரிமையை அறிவித்தாலும், பணியைச் செய்யும் கைகள் பெரும்பாலும் தொண்டு நிறுவனங்களுடையவையே. மத்திய அரசின் தீனதயாள் மறுவாழ்வுத் திட்டத்தின்கீழ் சிறப்புப் பள்ளி, குழந்தைகளுக்கான தொடக்கநிலைப் பயிற்சி மையம், தொழுநோயிலிருந்து குணமடைந்தோர் மறுவாழ்வு ஆகியவற்றிற்கு, அனுமதிக்கப்பட்ட செலவில் 90 விழுக்காடுவரை மானியம் கிடைக்கும். எஞ்சியதை நிறுவனமே தேட வேண்டும். அதிகாரிகள் பார்வையிட்டு, பரிந்துரை மேலே சென்று, பணம் கீழே வருமுன் ஆசிரியர்க்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். இங்கேதான் பல இல்லங்கள் மூச்சுத் திணறுகின்றன. முன்னாளில் இவ்விடைவெளியை அயல்நாட்டு நண்பர்களின் காணிக்கை நிரப்பியது. 2020இல் அயல்நாட்டு நன்கொடைச் சட்டம் திருத்தப்பட்டபோது நிர்வாகச் செலவின் வரம்பு 50 விழுக்காட்டிலிருந்து 20ஆகக் குறைந்தது. ஒரு நிறுவனம் தான் பெற்ற அந்நிதியை வேறொரு நிறுவனத்திற்குக் கொடுப்பதும் தடை செய்யப்பட்டது. தனியே பதிவு பெற்ற சிற்றில்லங்களுக்குத் திருமண்டலத்தின் வழியாகச் சென்ற ஓடை அத்துடன் அடைபட்டது.

ஆயினும் பணத்தட்டுப்பாட்டைவிட ஆழமான சிக்கல் ஒன்றுண்டு. மானியம் பயனாளிகளின் எண்ணிக்கையைக் கொண்டு கணிக்கப்படுகிறது. நம் விடுதியிலுள்ள ஒரு சிறுமி நன்கு தேறி, தன் ஊரின் பொதுப்பள்ளியில் சேரத் தகுதி பெறுவாளாயின், அது பணியின் வெற்றி. கணக்கேட்டிலோ ஓர் இழப்பு. அவள் போகட்டும் என்று சொல்ல எந்தத் தாளாளருக்கு மனம் வரும்? தீயவர் இல்லாத இடத்திலும் இச்சோதனை வேலை செய்கிறது.

இவ்விடத்தில் சாமுவேலின் இரண்டாம் புத்தகம் நமக்கு உதவுகிறது. இரு கால்களும் முடமான மேவிபோசேத்துக்குத் தாவீது சவுலின் நிலங்களைத் திருப்பித் தந்து, தன் பந்தியிலும் இடமளித்தான் (அதி. 9). நிலத்தைப் பயிரிடும் பொறுப்பு, 15 குமாரரும் 20 வேலைக்காரரும் உடைய சீபாவினிடம் ஒப்புவிக்கப்பட்டது. இன்றைய நடையிற் சொன்னால், அரசு நிதி ஒதுக்கியது, நிறைவேற்றும் நிறுவனம் சீபா, பயனாளி மேவிபோசேத். 16ஆம் அதிகாரத்திலோ, சேணமிட்ட கழுதைகளோடும் 200 அப்பங்களோடும் சீபா வந்து தன் எஜமானைப் பழிக்கிறான். தாவீது அந்த அறிக்கையை மட்டும் கேட்டு நிலமனைத்தையும் சீபாவுக்கே கொடுத்துவிடுகிறான். தான் கழுதையேறி வர விரும்பியதையும், முடவனாகிய தன்னை ஊழியன் வஞ்சித்ததையும் மேவிபோசேத் சொல்ல முடிந்தது 19ஆம் அதிகாரத்திலேதான். அப்போதும் நிலம் பாதியாகப் பங்கிடப்பட்டதேயன்றி முழுவதும் அவனுக்குத் திரும்பவில்லை. இருவரில் எவன் மெய் பேசினான் என்பதில் உரையாசிரியர்கள் வேறுபடுவர். தீர்ப்புக்குமுன் ஒருவன் மட்டுமே விசாரிக்கப்பட்டான் என்பதில் வேறுபாட்டுக்கு இடமில்லை.

நம் மேடைகளில் திருச்சபையைத் தாவீதின் இடத்தில் வைத்துப் பேசுவதே வழக்கம். மானியத்தைப் பெற்று இல்லம் நடத்தும் நாம் நிற்பதோ சீபாவின் இடத்தில்.

இப்பொழுது திட்டமிடும் முறையும் மாறிவருகிறது. தமிழ்நாட்டின் உரிமைகள் திட்டத்திற்கு உலக வங்கி 2022இல் 16 கோடியே 20 லட்சம் டாலர் கடன் அனுமதித்தது. இதன்படி ‘விழுதுகள்’ என்னும் மையங்கள் மக்களின் இருப்பிடத்தருகே சிகிச்சையும் பயிற்சியும் அளிக்கின்றன. தொண்டு நிறுவனங்கள் இதில் அரசோடு இணைகின்றன. மானியத்தில் நிறுவனம் திட்டம் வகுக்கும், அரசு தாங்கும். ஒப்பந்தத்தில் அரசு வகுக்கும், நிறுவனம் செய்யும். பெரிய கட்டடங்களும் விடுதிகளும் உடைய நமக்கு இரண்டாவது முறை கசக்கலாம். வீட்டருகே கிடைக்கும் உதவிக்காக விடுதி சுருங்க நேர்ந்தால், அதை எதிர்க்கத் திருச்சபைக்கு நியாயமில்லை என்பது என் எண்ணம்.

எம்முறையாயினும், ஐ.நா. உடன்படிக்கையின் 4ஆம் விதி, தீர்மானங்களில் மாற்றுத்திறனாளிகளை அவர்தம் அமைப்புகள் வழியே கலந்தாலோசிக்கும்படி அரசைக் கட்டுப்படுத்துகிறது. நம் இல்லங்களின் ஆட்சிக்குழுக்களில் ஆயர் உண்டு, பொருளாளர் உண்டு, ஓய்வுபெற்ற அதிகாரி உண்டு. அங்கே பயின்று வளர்ந்த பார்வையற்ற ஒருவரோ, ஒரு குழந்தையின் தாயாரோ வாக்குரிமையுடன் அமர்வது அரிது. அடுத்த ஆண்டின் வரவுசெலவுத் திட்டம் அரசுக்கு அனுப்பப்படுமுன், அத்தகைய இருவரேனும் அதைப் படித்துப் பார்த்து, ஏற்பதையும் மறுப்பதையும் எழுத்தில் தரும்படி அமைப்பு விதிகளைத் திருத்தலாம். இதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை. ஆட்சிக்குழுவின் ஒரு கூட்டமே போதும்.