கடற்கரைத் தூண்டில்

"தூண்டிற்காரனுக்குத் தக்கை மேலே கண்" என்பது நம் நாட்டுப் பழமொழி. குளத்தங்கரையிலும் வாய்க்காற்கரையிலும் தூண்டில் போடுவோர்க்கு அது முற்றும் பொருந்தும். கடற்கரையிலோ தக்கையைப் பார்ப்பதற்கு முன் தண்ணீரைப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். இந்த ஒரு செய்தியையே இன்று நேயர்களுக்கு விளக்கிக் கூற விரும்புகிறேன்.

நான் குமரி மாவட்டத்துக் கடற்கரையூர் ஒன்றில் தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வு பெற்ற மறு மாதமே நகரத்திற்குச் சென்று, விலை உயர்ந்த தூண்டிற்கோல் ஒன்றும், அதற்கேற்ற ரீல் ஒன்றும் வாங்கி வந்தேன். ஒரு மாத காலம் காலையும் மாலையும் மணற்கரையில் நின்றேன். ஒரு கிழங்கான் மீனும் அகப்படவில்லை. எனக்குச் சற்றுத் தொலைவில், என் மாணவர் ஒருவரின் தந்தையாகிய முதிய மீனவர், கோலும் இல்லாமல் ரீலும் இல்லாமல், வெறும் கைத்தூண்டிலைக் கொண்டு நாள்தோறும் கறிக்கு மீன் பிடித்துச் சென்றார். ஒரு நாள் என் அருகில் வந்து, "சாரே, கம்பு நல்ல கம்புதான். மீன் இல்லாத எடத்துல அத நட்டு வச்சிருக்கீங்க" என்றார். அன்று முதல் நான் மாணவன், அவர் ஆசிரியர்.

அவர் கற்பித்த முதற்பாடம் மணற்கரையைப் பற்றியது. மேலே பார்க்க ஒரே சீராகத் தோன்றும் கரையின் அடியில் மேடும் பள்ளமும் உண்டு. அலை எங்கே உடைந்து நுரைக்கிறதோ அங்கே ஆழம் குறைவு; மணல்மேடு இருக்கிறது. எங்கே உடையாமல் கடந்து வருகிறதோ, எங்கே நீர் சற்றுக் கறுத்துக் காண்கிறதோ, அங்கே பள்ளம். அலை கிளறிவிடும் புழுவும் சிறு நண்டும் அப்பள்ளத்தில் வந்து சேரும். அவற்றைத் தேடி மீனும் வரும். நீர் வற்றிய வேளையில் கரையோரம் நடந்து சென்றால் இந்த அமைப்பைக் கண்ணாலேயே காணலாம். ஆசிரியத் தொழிலின் பழக்கத்தால் நான் அதனை ஒரு குறிப்பேட்டில் படமாக வரைந்து வைத்துக்கொள்வேன். ஆயினும் கடல் மணலை ஓயாமல் இடம் மாற்றுவதால், சென்ற மாதத்துப் படம் இந்த மாதத்துக்கு உதவும் என்று நம்பியிருத்தல் கூடாது.

வேளையும் அறிந்துகொள்ள வேண்டும். கடலின் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் செல்லும். எனவே இன்று காலை 6 மணிக்கு ஏற்றமானால் நாளை 7 மணிக்குச் சற்று முன்னர் ஏற்றமாகும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி ஏற்றமும் வற்றமும் மிகுதி. நீர் ஏறிவரும் இரண்டு மணி நேரமும், விடியலும் அந்தியும் ஒன்றுகூடும் நாளே தூண்டிலுக்கு நல்ல நாள். முன்பு நான் செய்த பிழை இப்பொழுது விளங்கும்: கிழங்கான் முதற்பள்ளத்திலே, கரையிலிருந்து 20, 30 மீட்டருக்குள்ளேயே மேய்ந்துகொண்டிருக்க, நான் என் முழு வலிமையையும் காட்டி அதன் தலைக்கு மேலாக வீசிக்கொண்டிருந்தேன்!

இடம் அறிந்தபின் கருவியைத் தேர்வது எளிது. மணற்கரைக்கு 12 அடி நீளமுள்ள கோல் ஏற்றது. உடையும் அலைக்கு மேலே நரம்பை உயர்த்திப் பிடிக்க அந்நீளம் வேண்டும். கண்ணாடி இழைக்கோல் சற்றுக் கனமானாலும் அடி தாங்கும். புதிதாகக் கற்பவர்க்கு அதுவே போதும். நம் மீனவர் தங்கூசி என்று சொல்லும் நைலான் நரம்பு 0.35 மில்லிமீட்டர் பருமனில் 200 மீட்டர் இருக்கட்டும். நாற்பக்கக் கூம்பு வடிவான ஈயம் மணலில் பதிந்து நிற்கும். கிழங்கானின் வாய் சிறிது. ஆதலால் முள்ளும் சிறிதாக இருத்தல் வேண்டும். தோலுரித்த இறால் துண்டு அதற்கு நல்ல இரை.

பாறைக்கரையின் நிலை வேறு. அங்கே களவாவும் பாறை மீனும் போன்ற வலிய மீன்கள் உண்டு. முள்ளில் மாட்டிய களவா நொடியில் பொந்துக்குள் புகுந்துவிடும். ஆகவே 9 அல்லது 10 அடிக் கோலும், பருத்த நரம்பும், கணவாய் அல்லது சாளைத் துண்டும் தேவை. ஈயம் இடுக்கில் சிக்குவது இங்கே அன்றாடத் தொல்லை. அதற்கு ஓர் எளிய வழி உண்டு. ஈயத்தை மட்டும் மெல்லிய நரம்புத் துண்டினால் கட்டிவிடுங்கள். சிக்கிக்கொண்டால் அது அறுந்து ஈயம் மட்டும் போகும். முள்ளும் மீனும் உங்களுடையவை. வீடு திரும்பியதும் கோலையும் ரீலையும் நன்னீரில் கழுவாவிட்டால், இரண்டு மாதத்தில் உப்பு அவற்றைத் தின்றுவிடும். கெளிற்று மீனின் முள்ளும் ஓரா மீனின் முள்ளும் நஞ்சுடையவை, வெறுங்கையால் பற்றலாகாது.

இனி நான் சொல்லப்போவது, மீன் பிடிப்பதைக் காட்டிலும் முக்கியமானது. சில ஆண்டுகளுக்கு முன், ஓர் ஏப்ரல் மாதக் காலையில், முட்டத்துப் பாறைகளுக்குச் சென்றிருந்தேன். வானம் தெளிந்திருந்தது, காற்று இல்லை. நீர் ஓர் ஆள் உயரத்துக்குக் கீழே கிடந்தது. இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, வீசுவதற்கு வசதியான பாறை ஒன்றில் இறங்கினேன். அந்தப் பாறை நனைந்திருந்ததைக் கண்டும் அதன் காரணத்தை எண்ணிப் பார்க்கவில்லை. பத்து நிமிடம் கழித்து வந்த அலை என் மார்பளவு எழுந்து என்னைச் சாய்த்தது. கோல் கடலோடு போயிற்று. முழங்கால் சிப்பியில் கிழிந்தது. மேலே நின்ற அந்த முதியவர் கயிற்றை வீசியிராவிட்டால் நான் இன்று இங்குப் பேசிக்கொண்டிருக்க முடியாது. அலை இயக்கத்தைப் பல்லாண்டு பலகையில் வரைந்து காட்டியவன் நான்!

காற்று இல்லாத நாளில் அவ்வலை எங்கிருந்து வந்தது? தெற்கே இந்தியப் பெருங்கடலின் தொலைதூரப் பகுதியில் புயற்காற்று எழுப்பும் அலைகள், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து, சில நாட்களுக்குப் பின் நம் கரையை அடைகின்றன. கள்ளனைப்போல் முன்னறிவிப்பின்றி வருவதால் இதனைக் கள்ளக்கடல் என்பர். யுனெஸ்கோவும் 2012ஆம் ஆண்டில் இப்பெயரை ஏற்றுக்கொண்டது. ஏப்ரல், மே மாதங்களில் இது மிகுதி. 2024 மே 6ஆம் நாள் கணபதிபுரத்தை அடுத்த கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையால் இழுக்கப்பட்டு உயிரிழந்தனர். கள்ளக்கடலைப் பற்றிய எச்சரிக்கை முன்னரே வெளிவந்திருந்தது. ஐதராபாத்திலுள்ள பெருங்கடல் தகவல் சேவை மையம் இத்தகைய எச்சரிக்கைகளை வெளியிட்டு வருகிறது. வீட்டைவிட்டுப் புறப்படுமுன் அதனை அறிந்துகொள்ளுதல் கடமை.

பெரிய அலைகள் தனித்து வருவதில்லை, கூட்டமாக வரும். இடையிலே நெடுநேரம் கடல் அமைதியாகவும் இருக்கும். ஆதலால் பாறையில் இறங்குமுன் அரைமணி நேரம் உயரத்தில் நின்று பாருங்கள். உலர்ந்த பாறை மனிதனுக்கு; நனைந்த பாறை கடலுக்கு. தனியே செல்லாதீர்கள், கடலுக்கு முதுகு காட்டாதீர்கள், மிதவைச் சட்டை அணியுங்கள். எவரேனும் விழுந்தால் உடன் குதிக்காமல் கயிற்றையோ, மூடிய காலிக் கேனையோ வீசுங்கள். மணற்கரையில் மீனுக்கு வழியாகும் அதே பள்ளம், குளிப்பவனைக் கடலுக்குள் இழுத்துச் செல்லும் நீரோட்டத்துக்கும் வழியாகும் என்பதையும் மறவாதீர்கள். அதில் அகப்பட்டவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளிப்பட வேண்டும்.

நேயர்களே! அலை எங்கே உடைகிறது, எங்கே உடையவில்லை, எது வரை ஏறுகிறது என்று பார்க்கும் கண்ணே மீனையும் காட்டுகிறது, உயிரையும் காக்கிறது. கோலைக் கடையில் வாங்கலாம். இந்தக் கண்ணைக் கடற்கரையில் பொறுமையாக நின்றுதான் பெற வேண்டும். கடலிலே போன கோலுக்குப் பதிலாக நான் மலிவான கோல் ஒன்றை வாங்கினேன். இப்பொழுது அதில் மீன் விழுகிறது.