தாத்தாவின் இடுப்புவலியை அலட்சியம் செய்யாதீங்க!

கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கும் புளியஞ்சோலையில் இருந்து திருச்சி பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் ஒரு நாள் பிழைப்பு போகும். அதனால்தான் பெரியவர்களின் இடுப்புவலி பல வீடுகளில் தைலத்தோடு நின்றுவிடுகிறது.

ராத்திரியிலும் வலி விடாமல், சிறுநீரும் சரியாகப் போகவில்லையா? புராஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருக்கலாம். பி.எஸ்.ஏ ரத்தப் பரிசோதனை துப்பு கொடுக்கும், உறுதிசெய்வது பயாப்சி.

பரவிவிட்டால் எல்லாம் முடிந்ததா? இல்லை! இந்த நோய்க்குத் தீனி ஆண் ஹார்மோன். அதைக் குறைத்தால் நோய் அடங்கும் என்று 1941-ல் நிரூபித்த சார்லஸ் ஹக்கின்ஸ், 1966-ல் நோபல் பரிசு பெற்றார். இன்றும் சிகிச்சையின் அடிப்படை அதுவே. நோய் முழுதாகக் குணமாகாது. ஆனால், பலருக்குப் பல ஆண்டுகள் கட்டுக்குள் இருக்கும்.

ஹார்மோனைக் குறைக்க இரண்டு வழிகள்: குறிப்பிட்ட இடைவெளியில் ஊசி அல்லது விரைகளை அகற்றும் சிறிய ஆபரேஷன். ஊசிக்காக அடிக்கடி மலையடிவாரத்திலிருந்து அலைய முடியாதவர்கள், ஆபரேஷன் பற்றி டாக்டரிடம் தயங்காமல் கேட்கலாம். செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் பொருந்துமா என்பதையும் ஆஸ்பத்திரியிலேயே விசாரிக்கலாம்.

படுத்த படுக்கையானவர்களுக்கு, 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வலி நிவாரண சிகிச்சை வீட்டுக்கே வரும்.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். திடீரெனக் கால் மரத்தாலோ, நடை தள்ளாடினாலோ தண்டுவடம் நசுங்குகிறது என்று அர்த்தமாக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காமல், உடனே 108-ஐ அழையுங்கள்!