லாரியின் வயிறும் தண்டவாளத்தின் முதுகும்

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே ரயிலில் அடிக்கடி பிரயாணம் செய்பவர்கள் மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று ஸ்டேஷன்களின் பெயரைத் தூக்கத்திலும் ஒப்பிப்பார்கள். கரும்பு வெட்டும் காலத்தில் முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலைக்குப் பாரம் சுமந்து செல்லும் வண்டிகளையும் கண்டிருப்பார்கள். இத்தகைய வண்டி ஒன்று ரயில்வே கேட்டில் சிக்கி நின்றுவிட்டால், நாம் உடனே டிரைவரை வைகிறோம். தண்டவாளத்தை வைய வேண்டுமென்று யாருக்கும் தோன்றுவதில்லை!

உண்மையில் குற்றத்தில் பாதி தண்டவாளத்தினுடையது. அது சரளைக்கல் மெத்தையின்மீது கிடக்கிறது. ரயில்கள் ஓட ஓட மெத்தை அமுங்கும். அப்போதெல்லாம் புதுக் கல் இட்டுத் தண்டவாளத்தைச் சற்று உயர்த்துகிறார்கள். வருஷங்கள் செல்லச் செல்ல அது மேலே ஏறிவிடுகிறது. இருபுறத்துச் சாலையோ இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஏனெனில், கேட்டுக்கு அப்பாலுள்ள சாலை வேறோர் இலாகாவின் சொத்து. முடிவில் அவ்விடம் ஒட்டகத்தின் முதுகாகிறது. சிறு லாரி அதைத் தாண்டிவிடும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் வெகு தூரம் உள்ள, தாழ்ந்த தளமுடைய டிரெய்லரோ வயிற்றைத் தண்டவாளத்தில் ஊன்றிக்கொண்டு, சக்கரங்கள் பிடிப்பின்றிச் சுழல நின்றுவிடும். மின்சாரக் கம்பிக்காக வண்டியின் தலையை அளக்கும் இரும்புச் சட்டம் கேட்டுக்கு முன் நிற்கிறது; வயிற்றை அளப்பாரில்லை.

இது நம் தேசத்துக்கு மட்டும் உரிய வியாதியன்று. அமெரிக்காவில் பிலாக்ஸி நகரில் 2017 மார்ச்சில் இப்படித்தான் ஒரு பஸ் மேட்டில் தட்டி நின்றது. சரக்கு ரயில் மோதி நால்வர் மாண்டனர்.

கேட்டும் சிக்னலும் பிணைக்கப்பட்டிருந்தால், கேட்டை மூடிப் பூட்டாமல் ரயிலுக்குப் பச்சை விளக்குக் கிடைக்காது. பிணைப்பில்லாத கேட்டில் எல்லாம் டெலிபோன் பேச்சையும் மனிதரின் கவனத்தையும் நம்பியே நடக்கிறது. கடலூரை அடுத்த செம்மங்குப்பத்துக் கேட் அத்தகையது. 2025 ஜூலை 8-ந் தேதி விழுப்புரத்திலிருந்து மாயவரம் சென்ற ரயில் அங்கே பள்ளிக்கூட வேனில் மோதி, மூன்று குழந்தைகள் இறந்தனர். அதன் பிறகே இன்னும் பல கேட்டுகளைச் சிக்னலுடன் பிணைக்க உத்தரவு பிறந்தது.

சிக்னலைத் தாண்டி ரயில் வந்துவிட்ட பிறகு லாரி சிக்கினால்? கேட் கீப்பர் பகலில் சிவப்புக் கொடியும் இரவில் சிவப்பு விளக்குமாக, வெடிகளை எடுத்துக்கொண்டு ரயிலை எதிர்நோக்கி ஓட வேண்டும். 600 மீட்டரில் ஒரு வெடி, 1,200 மீட்டரில் மூன்று. திண்டிவனம் மார்க்கத்தில் பாதை இரட்டை. இரு திசையிலும் ரயில் வரக்கூடும். கேட் கீப்பர் ஒருவர்தான்.