தலைமையும் மக்கள் கருத்தும்

ஆரணி நகரில் பட்டு நெசவாளர் வாழும் தெருக்களில், மாலையிலே தறியோசை சற்று ஓய்ந்ததும், திண்ணைகளில் நாட்டு நடப்புப் பேசப்படும். ஒரு நாள் முதிய நெசவாளர் ஒருவர் என்னை நோக்கி, “ஐயா, குடியரசுத் தலைவரே முறை தவறினால் அவரை நீக்குவோர் யார்? மக்கள் சினந்தெழுந்தால் போதாதா?” என வினவினார். மாணவர்களே! அன்று அவருக்கு யான் கூறிய விடையையே உங்கட்கும் கூறுகின்றேன்.

நம் அரசியலமைப்புச் சட்டத்தின் 61ஆம் பிரிவு இதற்கு வழி வகுத்துள்ளது. அரசியலமைப்பை மீறினார் என்னும் காரணம் பற்றியே குடியரசுத் தலைவர்மீது இவ்வாறு குற்றஞ்சாட்டலாம். நாடாளுமன்றத்தின் ஈரவைகளுள் எதுவும் இதனைத் தொடங்கலாம். அவ்வவையின் மொத்த உறுப்பினருள் நான்கில் ஒரு பங்கினரேனும் கையொப்பமிட்டு, 14 நாள் முன்னரே அறிவிப்புத் தரல் வேண்டும். பின்னர் மொத்த உறுப்பினருள் மூன்றில் இரு பங்கினரேனும் தீர்மானத்திற்கு உடன்படல் வேண்டும். அதன்மேல் மற்றை அவை குற்றத்தை ஆராயும். தலைவர் நேரில் வந்தோ, பிறர் வாயிலாகவோ தம் பக்கத்தை எடுத்துரைக்கலாம். அங்கும் அதே அளவினர் குற்றம் மெய்யெனத் தீர்மானித்தாலன்றி அவர் பதவி நீங்கார். இதுகாறும் எவரும் இவ்வாறு நீக்கப்பட்டதில்லை.

இத்துணைக் கடுமை எதற்கு என்றார் பெரியவர். “பாவில் ஓரிழை அறுந்தால் அதனைப் பிணைக்கின்றீர், சினத்தால் பாவு முழுவதையும் அறுப்பீரோ?” என்றேன். அவர் நகைத்தார்.

எனினும் மக்கள் கருத்து வலியற்றதன்று. அமெரிக்க நாட்டில் எதிர்க்கட்சி அலுவலகத்துள் புகுந்தோரைப் பற்றிய உண்மையை மறைக்க முயன்றார் என்னும் பழி குடியரசுத் தலைவர் நிக்சன்மீது எழுந்தது. அவர் கட்சியினர் பலர் நெடுநாள் அவரைத் தாங்கினர். அவருடைய உரையாடலின் ஒலிப்பதிவுகள் வெளிப்பட்டபின் மக்கள் மனம் மாறிற்று. 1974 ஆகஸ்டு 7ஆம் நாள் அவர்தம் கட்சித் தலைவர்களே சென்று, மேலவையில் ஆதரவில்லை என்று உரைத்தனர். மறுநாள் அவர் பதவி விலகுவதாக அறிவித்தார். அந்நாட்டிலேயே 1868இல், ஆண்ட்ரூ ஜான்சன் என்னும் தலைவர் ஒரே வாக்கு வேறுபாட்டால் பதவியில் நிலைத்தார். அவரை நீக்க முனைந்த கட்சியைச் சேர்ந்த எழுவரே, தம் கட்சியின் சினத்தைப் பொருட்படுத்தாது அவரை விடுவித்து வாக்களித்தனர். அவர்தம் துணிவை யான் பெரிதும் மதிக்கின்றேன்.

நம் நாட்டில் இதனோடு ஒப்பிடத்தக்கது, தமிழகத்தைச் சேர்ந்த உச்ச நீதிமன்ற நீதிபதி வீ. இராமசாமியைப் பற்றிய தீர்மானம். அவர் முன்பு பஞ்சாப் அரியானா உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்தபோது அரசுப் பணத்தை முறையின்றிச் செலவிட்டார் என்பது குற்றச்சாட்டு. ஆராய்ந்த குழு அவற்றுள் பல மெய்ப்பிக்கப்பட்டன என்றது. 1993 மே 11ஆம் நாள் மக்களவையில் 196 பேர் நீக்கத்தை ஆதரித்தனர். எதிர்த்து வாக்களித்தார் ஒருவரும் இலர். ஆயினும் தீர்மானம் தோற்றது! ஆளுங்கட்சியாகிய காங்கிரசையும் அதன் தோழமைக் கட்சிகளையும் சார்ந்த 205 பேர் வாக்களியாது இருந்துவிட்டனர்.

“ஒருவரும் எதிர்க்காதபோது தோற்பது எங்ஙனம்?” என்று வியந்தார் பெரியவர். நீதிபதியை நீக்குதற்கு, வாக்களித்தோருள் மூன்றில் இரு பங்கு மட்டும் போதாது. அவையின் மொத்த உறுப்பினருள் பாதிக்கு மேற்பட்டோரும் ஆதரித்தல் வேண்டும். ஆகவே வாய் திறவாதவர், கணக்கில் மறுத்தவரோடே சேர்கின்றார். குடியரசுத் தலைவருக்கும் கணக்கு மொத்த உறுப்பினரைக் கொண்டதே.

பெரியவர் சற்றே சிந்தித்தார். “இனி அத்தகைய வாக்கெடுப்பு வந்தால், நம் ஆரணித் தொகுதி உறுப்பினர் அன்று யாது செய்தார் என்றே முதலில் கேட்பேன்” என்று கூறித் தறிக்குத் திரும்பினார்.