ஆஃப் பண்ணா ஓடுது, ஆன் பண்ணா நிக்குது: அப்பாவோட அம்பாசடர்ல வைப்பர் வயரிங்

போன எபிசோட்ல கார்புரேட்டர் பத்திப் பேசினோம். இன்னைக்கு யாரும் கண்டுக்காத ஒரு பாகம்: வைப்பர். எங்க வீட்டு அம்பாசடர் ஆறு வருஷமா கவருக்குள்ள கிடந்ததுக்கு இன்ஜின் காரணம் இல்லீங்க. வைப்பர்தான்.

வண்டி 1984 மாடல். அப்பா ரிட்டயர் ஆனப்போ, நான் சம்பளத்துல சேர்த்து வெச்ச காசுல அதுக்கு ஃபுல் பெயிண்ட் அடிச்சுக் கொடுத்தேன். அந்த நவம்பர்ல ஒரு ராத்திரி, தாம்பரம் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்ல செம மழை. வைப்பர் மெதுவாகி, கண்ணாடி நடுவுல அப்படியே நின்னுடுச்சு. ஓரமா சைக்கிள்ல போன ஒருத்தரை அப்பா கடைசி நொடியிலதான் பார்த்தாரு. யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஆனா வீட்டுக்கு வந்ததும் சாவியை என்கிட்ட கொடுத்துட்டு, "கண்ணு முன்ன மாதிரி இல்லடா, இனிமே வேணாம்"னு சொல்லிட்டாரு.

அம்பாசடர் தயாரிப்பு 2014-லயே நின்னுபோச்சு. ஆனாலும் பழைய பார்ட்ஸ் தேடினா கிடைக்குது. எங்க வண்டியில முன்னாடி வெச்சிருந்தவர் ஏற்கெனவே ரெண்டு ஸ்பீடு மோட்டார் மாத்தியிருந்தாரு. இந்த வருஷம் மழைக்கு முன்னாடி வண்டியை ரோட்டுக்குக் கொண்டுவரணும்னு உட்கார்ந்தேன்.

அஞ்சு வயர், ஒரு சூட்சுமம்

இந்த மாதிரி மோட்டார்ல அஞ்சு வயர் இருக்கும். ஒண்ணு எர்த். ஒண்ணு இக்னிஷன் போட்டா வர்ற 12 வோல்ட் சப்ளை. மூணாவது ஸ்லோ ஸ்பீடு, நாலாவது ஃபாஸ்ட் ஸ்பீடு. அஞ்சாவதுதான் சூட்சுமம்: பார்க்கிங் வயர்.

நீங்க எந்த நேரத்துல சுவிட்சை அணைச்சாலும், நல்லா இருக்கிற வைப்பர் கண்ணாடிக்கு அடியில போய்த்தான் படுக்கும். எப்படி? மோட்டார் கியர் பாக்ஸுக்குள்ள ஒரு குட்டி சுவிட்ச் இருக்கு. வைப்பர் பாதி வழியில இருக்கிற வரைக்கும் அது பார்க்கிங் வயருக்கு 12 வோல்ட் கொடுக்கும். கீழே வந்து சேர்ந்ததும் அதே வயரை எர்த்துக்கு மாத்திடும். டேஷ்போர்டு சுவிட்சை ஆஃப் பண்ணும்போது, ஸ்லோ வயர் இந்தப் பார்க்கிங் வயரோட சேரும். அதனால மோட்டார் வீடு போய்ச் சேர்ற வரைக்கும் ஓடும். சேர்ந்ததும் ரெண்டு முனையும் எர்த்துக்கு வந்துடும். சுத்திக்கிட்டிருக்கிற மோட்டார் அப்போ தானே ஜெனரேட்டர் மாதிரி வேலை செஞ்சு, தன்னையே பிரேக் போட்டு நிறுத்திக்கும்.

லூகாஸ் கலர் முறைப்படி பச்சை ஃப்யூஸ் வழியா வர்ற சப்ளை, கறுப்பு எர்த். எங்க வண்டியில அஞ்சுமே சிவப்பு! முறுக்கி, டேப் சுத்தி, பல கை பட்ட வயரிங்.

எர்த்ல இருந்த ரகசியம்

கழட்டுறதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட் பண்ணுங்க. கண்ணாடியை நனைச்சுட்டு வைப்பரைப் போடுங்க. மல்டிமீட்டரோட ஒரு முனையை மோட்டார் எர்த்துலயும், இன்னொண்ணை பேட்டரி நெகட்டிவ்லயும் வைங்க. ரீடிங் கிட்டத்தட்ட பூஜ்யமா இருக்கணும். (ரொம்பப் பழைய பிரிட்டிஷ் டிசைன் வண்டிகள்ல பாசிட்டிவ் எர்த் இருக்கலாம். அதை முதல்ல பார்த்துக்கோங்க.)

எனக்கு வந்தது 3.8 வோல்ட். அதாவது பேட்டரி கொடுத்ததுல மூணுல ஒரு பங்கு மோட்டாருக்குப் போகவே இல்ல. எர்த் வயரைக் கழட்டிப் பார்த்தேன். அந்த போல்ட்டுக்கு அடியில பளபளன்னு பெயிண்ட். நான் ஆசையா அடிச்சுக் கொடுத்த அதே பெயிண்ட்.

கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துட்டேன். அப்பா ஆறு வருஷமா தன் கண்ணைக் குறை சொல்லிக்கிட்டிருந்தாரு.

உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சா அஞ்சு நிமிஷ வேலைதான். ஆனா மீதி வயரையும் நம்ப முடியாது. அதனால பேட்டரி டெர்மினலைக் கழட்டிட்டு, எல்லாத்தையும் புதுசா இழுத்தேன். 2 ஸ்கொயர் எம்.எம். வண்டி வயர், ஒவ்வொண்ணும் ஒவ்வொரு கலர். முறுக்கி டேப் அடிக்காம, லக் போட்டு க்ரிம்ப் பண்ணி, மேல ஸ்லீவ். தகட்டு ஓட்டை வழியா போற இடத்துல ரப்பர் குரோமெட். தனி ஃப்யூஸும் வெச்சேன். ஓடும்போது மோட்டார் சில ஆம்பியர்தான் இழுக்கும். சிக்கி நின்னா பல மடங்கு இழுக்கும், அப்போ ஃப்யூஸ் போகலாம், வயர் எரியக் கூடாது.

எல்லாம் மாட்டி இக்னிஷன் போட்டா, வைப்பர் தானா ஓடுது! சுவிட்சை ஆன் பண்ணா, கீழே வந்து படுத்துக்குது. சிரிப்பும் வந்துச்சு, எரிச்சலும் வந்துச்சு. ஆனா மேல சொன்னதை யோசிச்சா விடை அதுலயே இருக்கு. டேஷ்போர்டு சுவிட்ச்ல சப்ளை வயரையும் பார்க்கிங் வயரையும் இடம் மாத்திட்டேன். ஆஃப்ல ஸ்லோ வயர் நேரா 12 வோல்ட்டைத் தொடுது, அதனால ஓடிக்கிட்டே இருக்கு. ஆன்ல அதுக்குப் பார்க்கிங் வயர்தான் சப்ளை, அதனால கீழே வந்ததும் நிக்குது. ரெண்டையும் மாத்தினேன், சரியாயிடுச்சு.

இப்போ அதே மீட்டர் ரீடிங் 0.1 வோல்ட்.

அப்பாவைக் கூப்பிட்டு டிரைவர் சீட்ல உட்கார வெச்சு, நான் ஹோஸ் பைப்புல தண்ணி அடிச்சேன். வைப்பர் சும்மா சர்ரு சர்ருன்னு போச்சு. பெயிண்ட் விஷயத்தையும் சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "அப்போ கண்ணு இல்லையா?"ன்னு கேட்டாரு. அதையும் விட்டுவைக்க வேணாம்னு மறுநாள் கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். கண்ணாடி பவர் மட்டும் கொஞ்சம் மாறியிருக்காம். புதுக் கண்ணாடி வந்தாச்சு, சாவியும் அவர்கிட்டயே போயாச்சு.

பழைய வண்டிக்கு பெயிண்ட் அடிக்கப் போறீங்கன்னா, எர்த் போல்ட் எல்லாத்தையும் முதல்ல போட்டோ எடுத்துக்கோங்க. பெயிண்ட் காஞ்சதும் ஒவ்வொண்ணையும் கழட்டி, அடித்தகடு தெரியத் தேய்ச்சு, திரும்ப முறுக்குங்க. அடுத்த எபிசோட்ல டைனமோ. பார்ப்போம்!