பழைய மோட்டார் சைக்கிள்: சில்லுப் பெயாரிங்கும் சீலும்

எமது கிராமங்களில் ஓடும் மோட்டார் சைக்கிள்களிற் பல இருபது, முப்பது வயதைக் கடந்தவை. ஹொண்டா சி 90, எம்டி 90, சிடி 125 போன்றவை இன்னும் மீன்பெட்டியையும் உரமூடையையும் பள்ளிப் பிள்ளைகளையும் சுமந்துகொண்டிருக்கின்றன. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அந்த ஆண்டுகளில் பழைய வண்டியின் விலையே ஏழைக்கு எட்டாததாயிற்று. இருப்பதைக் காப்பாற்றியே ஆகவேண்டியவர்களுக்காக, பலரும் கவனியாது விடும் ஓர் உறுப்பைப் பற்றி இங்கே எழுதுகின்றோம்.

எஞ்சின் கெட்டால் வண்டி நின்றுவிடும். சில்லுப் பெயாரிங் கெட்டாலோ வண்டி தொடர்ந்து ஓடும். ஆபத்து அதிலேதான் இருக்கிறது. குண்டுகள் தேய, சில்லு ஆடத் தொடங்கும். செயின் கோணலாக இழுபடும். கடைசியில் பாரத்தோடு வளைவில் திரும்பும் ஒருநாளில் சில்லு இறுகிப் பிடித்துவிடலாம். அதற்கு முன்னரே, அலுமினியக் குடத்தில் பெயாரிங் அமரும் குழி அகன்றுவிட்டால் புதுப் பெயாரிங்கும் அதில் நிற்காது. சில நூறு ரூபா வேலை, குடத்தையே மாற்றும் வேலையாகிவிடும்.

சோதிப்பதற்கு மெக்கானிக் தேவையில்லை. நடு ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தி, சில்லின் மேலும் கீழும் பிடித்துக் குறுக்காக ஆட்டிப் பாருங்கள். பின்சில்லோடு சேர்ந்து அதைத் தாங்கும் கவரும் ஆடினால் குற்றம் கவரின் புஷ்ஷில். கவர் அசையாது சில்லு மட்டும் ஆடினால் பெயாரிங்கில். பிறகு சில்லைக் கையால் சுழற்றி, நீண்ட திருப்புளியின் முனையை அச்சின் நட்டில் வைத்து, பிடியைக் காதோடு சேர்த்துக் கேளுங்கள். மணலை அரைப்பது போன்ற ஓசை வந்தால் சந்தேகமே வேண்டாம்.

பெயாரிங் தானாகச் சாவது குறைவு. பெரும்பாலும் அதற்கு முன்பே சீல் செத்திருக்கும். நெடுந்தூரம் பிறேக் பிடித்து வந்த சில்லின் குடம் சூடாக இருக்கும். அச்சூட்டோடு, வான் பாயும் பாதையின் நீருக்குள் இறக்கினால் குடத்தினுள் இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும். காய்ந்து வெடித்த சீலின் உதட்டினூடாக நீரை உள்ளே இழுக்கும். களப்போரத்தில் அது உப்பு நீராகவும் இருக்கும். சேர்விஸ் நிலையத்தில் வேகமாகப் பீய்ச்சும் நீரும் இதே கேட்டைத்தான் செய்கின்றது. குடத்தின் நடுவில் பீய்ச்ச வேண்டாம் என்று அங்கே சொல்லத் தயங்காதீர்கள். சீலுக்கு இன்னொரு கடமையும் உண்டு: உள்ளிருக்கும் கிறீஸ் பிறேக் சூவிற் படாமற் தடுப்பது. கிறீஸ் பட்ட சூ பிடிக்காது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கடைக்குப் போகும்போது வண்டியின் பெயரை மட்டும் சொல்லாமல், பெயாரிங்கின் பக்கத்தில் பொறித்துள்ள எண்ணையும் சொல்லுங்கள். 6301 என்றால் உள்விட்டம் 12 மில்லிமீற்றர், வெளிவிட்டம் 37, தடிப்பு 12. 6202 என்றால் 15, 35, 11. எண்ணுக்குப் பின் 2ஆர்எஸ் என்றிருப்பது இருபுறமும் றப்பர் மூடியுள்ளது. இசட் இசட் என்றிருப்பது தகர மூடியுள்ளது. நீரில் இறங்கும் வண்டிக்கு றப்பர் மூடியே நல்லது. ஆயினும் அதை நம்பி வெளிச் சீலைப் போடாது விடுவது, ஓலைக் கூரையின் கீழ் தறப்பாள் கட்டிவிட்டு ஓலையைப் பிரித்தெறிவது போன்றதாகும்.

கழற்றும்போது அச்சிலிருந்து வரும் வளையங்களையும் குழாய்களையும் வந்த ஒழுங்கிலேயே பத்திரிகைத் தாளில் அடுக்கிவையுங்கள். சீலைத் திருப்புளியால் நெம்பி எடுக்கலாம். சில வண்டிகளில் பெயாரிங்கை மறித்துப் பூட்டு வளையமோ புரியுள்ள மூடியோ இருக்கும். அதைப் பார்க்காமல் அடித்தால் குடம் வெடிக்கும். பின்னர் இரு பெயாரிங்குகளுக்கும் நடுவேயுள்ள குழாயைச் சற்று ஒதுக்கி, மறுபுறத்திலிருந்து நீண்ட இரும்புக் கம்பியால் உள்வளையத்தின் விளிம்பைச் சுற்றிச் சுற்றி மெதுவாகத் தட்டுங்கள். இவ்வாறு எடுத்த பெயாரிங்கின் குண்டுகள் அடி வாங்கியிருக்கும். நன்றாகச் சுற்றினாலும் அதைத் திரும்பப் போடலாகாது.

போடும்போது இரும்பையும் அலுமினியத்தையும் பற்றிய சிறு அறிவு பெரும் உதவி. சூட்டில் அலுமினியம் இரும்பிலும் கூடுதலாக விரியும். கொதிநீரில் நனைத்த துணியைக் குடத்தைச் சுற்றிக் கட்டி, பெயாரிங்கைப் பொலித்தீனில் நீர்புகாது சுற்றி மீன் வியாபாரியின் ஐஸ் பெட்டியில் அரைமணி நேரம் வைத்தால் பாதி வேலை முடிந்தது. வெளிவளையத்தில் மட்டும் பொருந்தும் ஒரு குழாய்த் துண்டையோ பழைய பெயாரிங்கையோ வைத்துத் தட்டுங்கள். முழுதாக அமர்ந்ததும் ஓசை கனத்து மாறும்.

ஒரு பக்கம் முடிந்ததும் நடுக்குழாயை மறவாதீர்கள். அச்சின் நட்டை இறுக்கும் பாரத்தை உள்வளையங்களுக்கு இடையே தாங்குவது அதுவே. அது இல்லாமற்போனால் உள்வளையங்கள் ஒன்றையொன்று நோக்கி நெரிய, புதுப் பெயாரிங் விரைவிலேயே சத்தம் போடும். கள்ளப் பெயாரிங் என்று கடைக்காரரைத் திட்டுவோரிற் சிலரின் வண்டியில் இக்குழாய் இருப்பதில்லை. கள்ளப் பெயாரிங்கும் சந்தையில் உண்டு என்பது வேறு விடயம்.

மூடியில்லாத பெயாரிங்கானால் குண்டுகளுக்கிடையே கிறீஸை விரலால் அழுத்தி நிரப்புங்கள். குடம் முழுவதையும் நிரப்பக் கூடாது; சூட்டில் விரியும் கிறீஸ் சீலைத் தாண்டிப் பிறேக்குக்கு வந்துவிடும். சீலில் எழுத்துள்ள பக்கம் பொதுவாக வெளியே பார்க்கும். அதன் உதட்டில் சிறிது கிறீஸ் தடவிக் கோணாது அமர்த்துங்கள். உதடு உரசும் வளையத்தை நகத்தால் தடவுங்கள். பள்ளம் தட்டினால் அதையும் மாற்றுங்கள், இல்லாவிடில் புதுச் சீலும் நீரை மறிக்காது.

பூட்டியபின் அச்சின் நட்டை இறுக்கச் சில்லும் இறுகினால், திரும்பக் கழற்றிப் பாருங்கள். நட்டுக்குரிய பின் புதிதாக இருக்கட்டும். பிறேக்கையும் செயினையும் சரிசெய்து, பிறேக்கை அதிகம் பிடியாது ஐந்து கிலோமீற்றர் ஓடிவந்து குடத்தைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இருந்தால் சரி. கை வைக்க முடியாவிட்டால், பிறேக் சூ உரசுகிறதா என்று முதலிற் பாருங்கள். அது இல்லையெனில் நடுக்குழாயைத் தேடுங்கள்.