உடல் வலிமையும் குடும்பப் பண்பும்

(பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதியது)



"சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும்" என்பது பெரியோர் வாக்கு. ஒன்பதாம் வகுப்பில் நான் சேர்ந்தபோது என் எடை 34 கிலோ. "காற்றடித்தால் பறந்து விடுவாய், புத்தகப் பையில் இரண்டு கல் போட்டுக்கொள்" என்று தோழியர் கேலி செய்வார்கள். அந்த ஆண்டு விளையாட்டு விழாவில் துணிந்து குண்டு எறியப் பெயர் கொடுத்தேன். குண்டு என் காலுக்கு முன்னாலேயே 'பொத்'தென்று விழுந்தது. எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போய்த்தான் அழுதேன்.

ஒல்லியாகப் பிறந்தவள் வலிமை பெற முடியுமா? இந்தக் கேள்விக்குப் பாதி விடை உடற்பயிற்சி ஆசிரியையிடம் கிடைத்தது. மறுபாதி எங்கள் வீட்டு அடுக்களையில் இருந்தது.

தசை வளர்வது எவ்வாறு?

நம் உடலில் அறுநூறுக்கும் மேற்பட்ட தசைகள் இருக்கின்றன. ஒவ்வொரு தசையும் நூற்கற்றை போன்ற நார்களால் ஆனது. பயிற்சி செய்தால் புது நார்கள் பெருகுவதில்லை. இருக்கும் நார்கள்தாம் தடிக்கின்றன. பழகியதைவிடச் சற்றே அதிகமான பாரத்தைத் தூக்கும்போது, "இவளுக்கு இன்னும் பலம் வேண்டும்" என்ற செய்தி உடலுக்குப் போகிறது. பிறகு நாம் ஓய்வெடுக்கும் நேரத்தில், உண்ட உணவிலுள்ள புரதத்தைக் கொண்டு உடல் அந்த நார்களைக் கட்டி எழுப்புகிறது. ஆகவே பாரம், உணவு, உறக்கம் ஆகிய மூன்றும் அடுப்புக்கு மூன்று கல் போன்றவை. ஒன்று குறைந்தாலும் பானை நிற்காது. நம் வயதினருக்கு எட்டு மணி நேர உறக்கமாவது வேண்டும்.

முதல் சில வாரங்களில் கை தடிக்காது. ஆனாலும் பலம் கூடும். நரம்புகள் தசைகளை ஒன்றுசேர்த்து வேலை வாங்கக் கற்றுக்கொள்வதே காரணம். "ஒரு மாதமாகியும் ஒன்றும் தெரியவில்லையே" என்று பயிற்சியை விட்டுவிடுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

பழங்காலக் கிரேக்க மல்லன் மைலோ ஒரு கன்றுக்குட்டியை நாள்தோறும் தூக்கினானாம். கன்று வளர வளர அவன் பலமும் வளர்ந்து, கடைசியில் முழுக் காளையையே தூக்கினானாம். கதைதான், ஆயினும் சிறிது சிறிதாகப் பாரத்தைக் கூட்ட வேண்டும் என்ற உண்மை அதில் இருக்கிறது.

நான் செய்த பயிற்சிகள்

காசு கொடுத்து எந்தக் கருவியும் வாங்கவில்லை. தோப்புக்கரணம் போல் உட்கார்ந்து எழுதல், சுவரில் கை ஊன்றித் தள்ளுதல், பழகியபின் முழங்காலைத் தரையில் ஊன்றித் தண்டால், அரை வாளித் தண்ணீரை இரு கையிலும் மாற்றி மாற்றித் தூக்குதல், கயிறு தாண்டுதல். வாரத்தில் மூன்று நாள் மட்டும், ஒருநாள் விட்டு ஒருநாள். முதல் வாரம் எட்டு முறை. பிறகு வாரத்துக்கு ஒன்றிரண்டு கூடுதல். மூட்டில் வலி வந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். பாரம் தூக்கும் முறையை ஆசிரியை முன்னிலையில் கற்றுக்கொள்வதே நல்லது.

"பாரம் தூக்கினால் ஆம்பிள்ளை மாதிரி ஆகிவிடுவாய்" என்று பக்கத்து வீட்டு அத்தை பயமுறுத்தினார். தசையைப் பெரிதாக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்ற சுரப்பு பெண்களுக்கு மிகக் குறைவு. எனவே அந்தப் பயம் வேண்டாம். 2000-இல் சிட்னி ஒலிம்பிக்கில் கர்ணம் மல்லேஸ்வரி மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் வென்றார். ஒலிம்பிக்கில் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவரே. 2021-இல் டோக்கியோவில் 49 கிலோ எடைப் பிரிவில் மீராபாய் சானு 202 கிலோ தூக்கி வெள்ளி வென்றார். சின்ன உருவம் ஒரு தடையே அன்று!

புரதக் கணக்கு

16 முதல் 18 வயதுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 46 கிராம் புரதம் தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வரையறுத்தது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், ஒரு தம்ளர் பாலில் 6 கிராம், ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7 கிராம், ஒரு கிண்ணம் சுண்டலில் 8 கிராம். சோற்றிலும் இட்லியிலும் கூடச் சிறிது உண்டு. சோறும் பருப்பும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று நிறைவு செய்கிறது. விலை உயர்ந்த மாவு டப்பாக்கள் தேவையில்லை. ஆனால் வயிறார உண்ண வேண்டும். அரை வயிறு உண்டால், உடல் புரதத்தையும் விறகாக எரித்துவிடும். தசை கட்ட எதுவும் மிஞ்சாது.

இரும்புச் சத்தும் முக்கியம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தசோகை. அப்படியிருந்தால் நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும். கீரை, கேழ்வரகு, பயறு இவற்றோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் இரும்பு நன்றாக உடலில் சேரும். உண்டவுடன் தேநீர் குடித்தால் சேர்வது குறையும்.

அடுக்களையில் கிடைத்த விடை

ஆசிரியை சொன்னபடி ஒரு நோட்டில் நான் உண்பதை எழுதி வந்தேன். ஒப்பிட்டுப் பார்க்கலாமே என்று ஒரு வாரம் வீட்டில் எல்லாருடைய கணக்கையும் எழுதினேன். அண்ணனுக்கு ஏழு முட்டை, அப்பாவுக்கு நான்கு, எனக்கு இரண்டு. அம்மாவின் பக்கம் வெறுமையாக இருந்தது. எல்லாரும் உண்டபின் அடிச்சட்டிச் சோற்றில் ரசம் ஊற்றிக்கொள்வதுதான் அம்மாவின் சாப்பாடு. பதினைந்து வருடம் அந்த வீட்டில் உண்டிருக்கிறேன். நோட்டில் எழுதும்வரை அது என் கண்ணில் படவில்லை.

அந்த மாதமே அம்மா குழாயடியில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். சுகாதார நிலையத்தில் இரத்தம் பரிசோதித்தார்கள். 12 இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் அம்மாவுக்கு 8, எனக்கு 10. இருவருக்கும் மாத்திரை கொடுத்தார்கள்.

அன்றிரவு நோட்டை எல்லார் முன்னும் வைத்தேன். அம்மாவுக்குத்தான் கோபம் வந்தது. "குடும்பத்துப் பொம்பளை கடைசியில்தான் சாப்பிடணும். அதுதான் பண்பு. இதையெல்லாமா எழுதுவாங்க?" என்றார். அப்பா ஒன்றும் பேசவில்லை. திண்ணையில் இருந்த அப்பத்தாதான் மெல்லச் சொன்னார்: "அதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவ நான்தான். எனக்கு என் மாமியா சொன்னா. அந்தக் காலத்துல பானையில சோறு பத்தாது, அதனால ஒருத்தி பொறுத்துக்கிட்டா. இப்பத்தான் பானையில இருக்கே! இன்னும் எதுக்கு?"

மறுநாள் அப்பா, பாத்திரங்களைக் கூடத்தின் நடுவில் கொண்டுவந்து வைத்து, "அம்மாவும் உட்காரட்டும்" என்று காத்திருந்தார். முட்டைகள் எல்லாருக்கும் சமமாகப் பங்கிடப்பட்டன. அண்ணன் இரண்டு நாள் முணுமுணுத்தான். பிறகு தண்ணீர்க் குடம் தூக்கும் வேலையையும் அவனே ஏற்றுக்கொண்டான். அம்மா இன்றும் பாதியில் எழுந்து பரிமாறப் போவதுண்டு. "உட்காரும்மா" என்று யாராவது சொல்ல வேண்டியிருக்கிறது. பல வருடப் பழக்கம் ஒரு நாளில் போகுமா?

எது பண்பு?

பிறருக்காகத் தன் பங்கை விட்டுக்கொடுப்பது உயர்ந்த குணம், அதில் ஐயமில்லை. ஆனால் தினமும் ஒருத்தியே விட்டுக்கொடுக்க, மற்றவர்கள் அதைக் கவனிக்காமல் உண்பது பண்பாகாது. விட்டுக்கொடுத்தல் கையிலிருந்து கைக்கு மாறிக்கொண்டே இருக்க வேண்டும். இன்று அம்மா, நாளை அண்ணன், மறுநாள் நான். தசையும் அப்படித்தானே? பாரம் எல்லா நார்களிலும் பகிர்ந்து விழுந்தால் வலிமை. ஒன்றின்மேல் மட்டும் விழுந்தால் அது அறுந்துவிடும்.

இப்போது என் எடை 42 கிலோ. வளரும் வயதுக்கும் அதில் பங்கு உண்டு. இவ்வாண்டு குண்டெறிதலில் நான்காம் இடம்தான் கிடைத்தது, பரிசு இல்லை. ஆனால் குண்டு என் காலடியில் விழவில்லை. அம்மாவின் ஹீமோகுளோபின் 11-ஐத் தொட்டிருக்கிறது. எனக்கு அதுவே கோப்பை.

தோழியரே! நாளைக் காலை பயிற்சியைத் தொடங்குங்கள். அதற்கு முன், இன்றிரவு உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது யார், அவர் தட்டில் இருப்பது என்ன என்று ஒருமுறை பாருங்கள்.